மாலிகுலர் பயாலஜிக்கு எத்தனை புத்தகம் வேணும்?

வெளிநாட்டுல எம்.பி.பி.எஸ் முடிச்சுட்டு வந்து எஃப்.எம்.ஜி.ஈ-க்குப் படிச்சுக்கிட்டு இருக்கற புள்ளைங்க உங்க சொந்தத்துல ஒருத்தராவது இருப்பாங்க. அவங்ககிட்ட "மாலிகுலர் பயாலஜிக்கு என்ன வச்சுப் படிக்கிற?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டே பதில்தான். ஒண்ணு: அஞ்சு புத்தகம், ரெண்டு ஆப், நாலு யூட்யூப் சேனல்னு நீளமா ஒரு பட்டியல். இன்னொண்ணு: "அதை விட்டுட்டேன், மார்க்கு கம்மி."

ரெண்டும் தப்புங்கறது என் கட்சி. ஒரு புத்தகம், ஒரு கேள்வித் தொகுப்பு, ஒரு நோட்டு. இவ்வளவுதான் வேணும். ஆனா அந்த ஒண்ணு எதுன்னு எப்படி முடிவு பண்றதுங்கறதுலதான் மேட்டரே இருக்கு.

"பொட்டி தட்டுறவனுக்கு இதுல என்ன வேலை?"ன்னு நீங்க கேக்கறது காதுல விழுது :) திருவையாத்துல எங்க சித்தி பொண்ணு இந்தப் பரீட்சைக்குப் படிக்கிறா. 2019 செப்டம்பர்ல சீனா போனவ, 2020 ஜனவரியில லீவுக்கு வந்தவ, 2022 கடைசி வரைக்கும் திரும்பிப் போக முடியலை. டிஎன்ஏ, ஆர்என்ஏ எல்லாம் சித்தி வீட்டு ஹால்ல லேப்டாப்லதான் நடந்துச்சு. அப்புறம் போய் மிச்சத்தை முடிச்சுட்டு வந்தா. முதல் தடவை எழுதினதுல 139. பாஸ் மார்க் 150. ரெண்டாவது தடவைக்கு "அண்ணே, எதை வச்சுக்கறது, எதைத் தூக்கிப் போடறதுன்னு நீ உக்காந்து ஒரு கணக்குப் போட்டுக் குடு"ன்னா. அந்தச் சாக்குல இந்தப் புத்தகங்களைப் புரட்டினேன். டாக்டர் மாதிரி பேச எனக்குத் தகுதி கிடையாது. எது ஒரு ஆளுக்குப் புரியுது, எது புரியாமப் படுத்துதுன்னு சொல்ல டாக்டரா இருக்க வேண்டியதில்லை.

முதல்ல பரீட்சையைப் பத்தி ரெண்டு வரி. 2002ல கொண்டு வந்த ஸ்கிரீனிங் டெஸ்ட் இது. மொத்தம் 300 கேள்வி, 300 நிமிஷம், ரெண்டு பகுதியா. தப்புக்கு மார்க் பிடிக்க மாட்டாங்க. 300க்கு 150 எடுத்தா இந்தியாவுல டாக்டரா பதிவு பண்ற வழி திறக்கும், இல்லைன்னா மறுபடி எழுதணும். பல தடவை, எழுதினவங்கள்ல ஐந்தில் ஒருத்தர் அளவுக்குத்தான் தேறியிருக்காங்க. 2019ல சட்டத்துல வந்த நெக்ஸ்ட் தேர்வு பல தடவை தள்ளிப் போனதுல, "இது எப்ப மாறுமோ"ங்கற பயம் வேற.

இப்ப "விட்டுடு" கோஷ்டிக்கு வருவோம். அவங்க கணக்கு சுலபம். பயோகெமிஸ்ட்ரிக்கு 17 கேள்வி. அதுல மாலிகுலர் பயாலஜி ஒரு பங்குதான். மெடிசினுக்கு 33, சர்ஜரிக்கு 32, பிரசவம்-மகளிர் மருத்துவத்துக்கு 30, சமூக மருத்துவத்துக்கு 30. அதனால அங்க போய் உழை, இதை விடுங்கறாங்க. கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கு.

ஆனா பாருங்க, இந்தக் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு. மாலிகுலர் பயாலஜி அந்த 17-க்குள்ள மட்டும் உக்காந்திருக்கறதில்லை. ரிஃபாம்பிசின் எப்படி வேலை செய்யுதுன்னு பார்மகாலஜியில கேப்பான். பாக்டீரியாவோட ஆர்என்ஏ பாலிமரேஸைப் புடிச்சு நிறுத்துது. சிப்ரோஃபிளாக்சசின் டிஎன்ஏ கைரேஸை அடிக்குது. டெட்ராசைக்ளின் 30எஸ் ரைபோசோம்ல உக்காருது. அரிவாள் செல் சோகையில பீட்டா குளோபின் 6வது இடத்துல குளூட்டமேட் போயி வேலின் வந்துடுது, இது பெத்தாலஜியிலயும் வரும், குழந்தைகள் மருத்துவத்துலயும் வரும். ஹண்டிங்டன் நோய்க்கு சிஏஜி, ஃப்ரஜைல் எக்ஸ்-க்கு சிஜிஜி. வெயில் பட்டாலே தோல் கெட்டுப் போற சீரோடெர்மா பிக்மென்டோசம்ல, டிஎன்ஏவை வெட்டி ஒட்டிச் சரிபண்ற வேலை நடக்காது. லிஞ்ச் சிண்ட்ரோம்ல மிஸ்மேட்ச் ரிப்பேர் போயிடும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கு இமாட்டினிப் ஏன் கொடுக்கறாங்கன்னா பிசிஆர்-ஏபிஎல்னு ஒரு ஒட்டுப்போட்ட ஜீன்.

இதுல பாதி, பயோகெமிஸ்ட்ரிங்கற தலைப்புலயே வராது. ஆனா அடிப்படை தெரியாதவ எல்லாத்தையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணணும். தெரிஞ்சவளுக்கு இது ஒரே கதை. 11 மார்க்குல போன ஒரு புள்ளைகிட்ட "மார்க்கு கம்மி, விட்டுடு"ன்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

அடுத்தது "எல்லாத்தையும் வாங்கு" கோஷ்டி. இந்தப் பட்டியல் எங்கேருந்து வருதுன்னு பார்த்தா, பாதி அமெரிக்காவோட யுஎஸ்எம்எல்ஈ-க்குப் படிக்கறவங்ககிட்டேருந்து வருது. அந்தப் பரீட்சை வேற ஜாதி. ஸ்டெப் 1-ல ஒரு கேள்விக்குச் சுமாரா ஒன்றரை நிமிஷம் கிடைக்கும். நோயாளியோட கதையை ஒரு பத்தி சொல்லி, நோய் பேரையே சொல்லாம, "இந்த என்சைம் எந்த உறுப்புக்குள்ள இருக்கு?"ன்னு சுத்தி வளைச்சுக் கேப்பாங்க. 2022 ஜனவரியிலேருந்து அதுக்கு மார்க்கே கிடையாது, பாஸா ஃபெயிலா அவ்வளவுதான். நம்ம பரீட்சையில ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். அதுக்கான புத்தகங்கள் மோசம்னு சொல்லலை. அளவெடுத்த சட்டை வேற ஆளோடது.

சரி, புத்தகத்துக்கு வருவோம். நான் பார்த்த வரைக்கும்:

ஆல்பர்ட்ஸ் கூட்டம் எழுதின 'மாலிகுலர் பயாலஜி ஆஃப் த செல்': 1983ல முதல் பதிப்பு. 1,300 பக்கத்துக்கு மேல. படிக்கப் படிக்க சுகம். பரீட்சைக்கு மூணு மாசம் இருக்கறவங்க தொடக்கூடாது.

லெனிஞ்சர்: கடைசிப் பகுதி முழுக்க நம்ம சப்ஜெக்ட்தான். ஆனா அது எம்.எஸ்சி ஆளுங்களுக்கான ஆழம்.

ஹார்ப்பர்: எல்லாம் இருக்கும். எது முக்கியம்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள விடிஞ்சுடும். சந்தேகம் வந்தா எடுத்துப் பார்க்க வச்சுக்கலாம்.

லிப்பின்காட்: படம் பிரமாதம். ஒவ்வொரு அத்தியாயம் முடிவுலயும் சுருக்கம், கொஞ்சம் கேள்வி. புரியலைங்கறவங்களுக்கு என் முதல் ஓட்டு இதுக்குத்தான்.

சத்யநாராயணா, வாசுதேவன்: ரெண்டும் நம்மூர் எம்.பி.பி.எஸ் புத்தகங்கள். இங்க கேள்வி கேக்கற தொனிக்குப் பக்கத்துல இருக்கும். அடிப்படை ஓரளவு இருக்கறவங்களுக்கு இதுல ஒண்ணு போதும். ரெண்டும் வேண்டாம்!

ஃபர்ஸ்ட் எய்ட்: இது பாடப்புத்தகமே இல்லை. ஏற்கனவே தெரிஞ்சதை ஞாபகப்படுத்தற சீட்டு. தெரியாதவங்க இதைத் திறந்தா டெலிபோன் டைரக்டரி படிச்ச மாதிரி இருக்கும்.

மேரோ, பிரெப்லேடர் மாதிரி ஆப்கள்: வீடியோ, கேள்வி, நோட்ஸ் மூணும் ஒரே இடத்துல. ஒண்ணு எடுத்தா நல்லது, ரெண்டு எடுத்தா ரெண்டும் பாதியில நிக்கும். வீடியோ பார்த்துக்கிட்டே இருந்தா படிச்ச மாதிரி ஒரு நினைப்பு வரும் பாருங்க, அதுதான் இதுல இருக்கற ஆபத்து.

இந்தப் பட்டியல்ல யாரும் சேர்க்காத ஒண்ணை நான் சேர்க்கறேன். நம்ம தமிழ்நாட்டு 12ஆம் வகுப்பு விலங்கியல் புத்தகம். அதுல 'மூலக்கூறு மரபியல்'னு ஒரு பாடம் இருக்கு. தமிழ்லயும் கிடைக்குது. அடிப்படை ஆட்டம் காணுறவங்க ரெண்டு நாள் செலவு பண்ணி அதைப் படிச்சுட்டு அப்புறம் பெரிய புத்தகத்துக்குப் போங்க. டாக்டருக்குப் படிச்சவ பிளஸ் டூ புத்தகத்தைத் தொடறதான்னு வெக்கப்பட வேண்டியதில்லை.

தமிழ்ல படிக்கறதுல ஒரு லாபமும் இருக்கு. டிரான்ஸ்கிரிப்ஷன், டிரான்ஸ்லேஷன் ரெண்டும் எங்க தங்கச்சிக்குக் குழம்பிக்கிட்டே இருந்துச்சு. படியெடுத்தல், மொழிபெயர்த்தல்னு தமிழ்ல சொன்னதும் சட்டுனு நின்னுடுச்சு. டிஎன்ஏலேருந்து ஆர்என்ஏக்குப் போறப்ப எழுத்து கிட்டத்தட்ட அதேதான், படி எடுக்கறோம். ஆர்என்ஏலேருந்து புரதத்துக்குப் போறப்ப மொழியே மாறுது, நாலு எழுத்து மொழியிலேருந்து இருபது அமினோ அமில மொழிக்கு. இதுக்கு மேல விளக்கம் வேணுமா?

இன்னொரு விஷயம். இந்தப் பாடம் ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம்னு நினைச்சுத்தான் பாதிப் பேர் பயப்படறாங்க. ரைபோசோமோட அமைப்பைக் கண்டுபிடிச்சதுக்காக 2009ல வேதியியல் நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் வெங்கி ராமகிருஷ்ணன், 1952ல கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சிதம்பரத்துல பொறந்தவர். அவர் குழு படம் புடிச்சது 30எஸ் பகுதியைத்தான். சில ஆன்டிபயாடிக்குகள் அதுல எங்க போய் ஒட்டுதுன்னும் காட்டினாங்க. கொலாஜனோட மூணு புரிச் சுருளைச் சொன்ன ஜி.என்.ராமச்சந்திரன் 1954ல அந்த வேலையைச் செஞ்சது சென்னைப் பல்கலைக்கழகத்துல. ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின் வேணும், அது மாறினா எலும்பு சட்டு சட்டுனு முறியற நோய் வரலாம்னு இன்னைக்குப் படிக்கிறோமே, அதுக்கு அடித்தளம் அந்தச் சுருள்தான்.

கேள்வித் தொகுப்பு எப்படித் தேர்ந்தெடுக்கறது? எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. ஒரு கேள்வியைத் திறந்து விடைக்கான விளக்கத்தைப் படிங்க. சரியான விடை ஏன் சரின்னு மட்டும் சொல்லியிருந்தா மூடிடுங்க. மத்த மூணும் ஏன் தப்புன்னு சொல்லியிருந்தா வாங்குங்க. ஒரு கேள்வி நாலு கேள்வியா பலன் கொடுக்கும். "போன தடவை வந்தது"ன்னு சுத்திக்கிட்டு இருக்கற பிடிஎஃப்களை நம்பி இறங்காதீங்க. ஞாபகத்துலேருந்து எழுதினது, விடைக்கு யாரும் பொறுப்பு இல்லை.

புத்தகத்துக்கு நாங்க வச்ச பரீட்சை இதுதான். ஒரே தலைப்பு, டிஎன்ஏ ரிப்பேர் மாதிரி ஒண்ணு. ஒரு புத்தகத்துல 40 நிமிஷம் படிச்சுட்டு மூடிடணும். மறுநாள் காலையில அதுலேருந்து 20 கேள்வி. அடுத்த தலைப்புக்கு அடுத்த புத்தகம், அதே மாதிரி. எதுல படிச்சது மறுநாளும் நின்னுச்சோ அதுதான் உங்க புத்தகம், டாப்பர் என்ன சொன்னாலும் சரி. தங்கச்சிக்கு லிப்பின்காட் நின்னுச்சு. உங்க வீட்டுப் புள்ளைக்கு வேற நிக்கலாம். தப்பாப் போன கேள்விகள் மட்டும் ஒரு நோட்டுல ஏறும். கடைசி வாரத்துக்கு அந்த நோட்டுதான் புத்தகம்.

இதைக் கேட்டுட்டு எங்க சித்தப்பா ஒண்ணு சொன்னார். அவர் நாத்தாங்கால், நடவுன்னு வாழ்ந்தவர். "எல்லா வாய்க்காலையும் ஒரே நேரத்துல தொறந்தா கடைமடைக்குத் தண்ணி ஏறாதுப்பா, முறை வச்சுத்தான் விடணும்." அஞ்சு புத்தகக் கோஷ்டிக்கு இதைவிடச் சுருக்கமா எனக்குச் சொல்லத் தெரியலை.

கடைசியா ஒண்ணு. வயலை அடமானம் வச்சுப் புள்ளையைப் படிக்க அனுப்பின வீடுகள் டெல்டாவுல நிறைய. 150 தாண்டணும்ங்கறது அவங்களுக்குச் சோத்துப் பிரச்சினை. அதை நான் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா 150-க்கு அப்புறமும் ஒரு நாள் வரும். ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல, ரெண்டு வாரமா இருமற ஒரு விவசாயத் தொழிலாளியோட சளிப் பரிசோதனை முடிவு மேசைக்கு வரும். சிபிநாட் மெஷின் ரெண்டு மணி நேரத்துல டிபி கிருமி இருக்கா, ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமான்னு சொல்லிடும். அது எப்படிச் சொல்லுது? ஆர்பிஓபி-ங்கற ஜீன்ல ஒரு சின்னத் துண்டு மாறியிருக்கான்னு பிசிஆர் மூலமா பார்த்துத்தான். "விட்டுடு"ன்னு சொன்ன அதே பாடம். ரிப்போர்ட்ல இருக்கற வரிக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச டாக்டர்தான், முடிவும் நோயாளியும் ஒத்துப் போகாதப்ப நின்னு யோசிப்பார். அந்த நாளுக்காகவாவது அந்த ஒத்தைப் புத்தகத்தை முழுசா முடிங்கன்னு தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன்.

டிஸ்கி: மருத்துவம் படிச்ச பதிவர்கள் இதுல குத்தம் கண்டா தாராளமா காதைத் திருகலாம். ஆறாவது புத்தகம் ஒண்ணு சிபாரிசு பண்ணினா மட்டும் சத்தியமா தங்கச்சி காதுல போட மாட்டேன் :)