ரிமோட் ஒருவர் கையில், பட்டியல் இன்னொருவர் கையில்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது கிழக்குக் கரையில் இரவிலும் சுவர் சுடும். கடந்த வருடம் அப்படியொரு காலத்தில்தான் எங்கள் வீட்டுக்கு வளிச்சீராக்கி வந்தது. உம்மம்மாவுக்கு வெக்கையில் மூச்சு முட்டியது. எனக்கோ உயர்தரப் படிப்பு. வாப்பா சீட்டுக் காசை எடுத்து ஓர் அறைக்கு மட்டும் ஏசி பூட்டினார்.

அன்றிலிருந்து ரிமோட் என் கையில். 18 பாகையில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். நடுச்சாமத்தில் உம்மம்மா குளிரில் எழுந்து இன்னொரு போர்வை தேடுவார். காலையில் அறையை விட்டு வெளியேறும் வரை ஏசி ஓடிக்கொண்டே இருக்கும்.

மாத முடிவில் மின்பட்டியல் வந்தது. அதற்கு முன் 90 அலகைத் தாண்டாத எங்கள் வீடு, 280 அலகைத் தாண்டியிருந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் உம்மாதான் சொன்னார்: "இனி ஏசியப் போட வேணாம் மகள். உம்மம்மாவ விறாந்தையில படுக்க வைப்பம்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. உம்மம்மாவுக்காக வந்த பொருளை என் பழக்கம் அவரிடமிருந்து பறிக்கப் பார்த்தது. பிழை ஏசியிலா, அதை நாம் பாவிக்கும் முறையிலா என்று அன்றுதான் யோசித்தேன்.

ஏசிக்குள் தேர்மோஸ்டாட் என்றொரு பகுதி உண்டு. அறையின் வெப்பநிலையை அளந்து, நாம் குறித்த எண்ணோடு ஒப்பிடுவது அதன் வேலை. அறை அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் கொம்பிரசரை அது நிறுத்திவிடும். இன்வேட்டர் வகையென்றால் அதன் வேகத்தைக் குறைத்துவிடும். வெளியே கொதிக்கும்போது 18 என்று குறித்தால் அறை அந்த அளவை எட்டுவதே இல்லை. கொம்பிரசருக்கு ஓய்வும் இல்லை.

'குறைத்து வைத்தால் சீக்கிரம் குளிரும்' என்று பலர் நம்புகிறோம். சாதாரண ஏசி 18இல் வைத்தாலும் 26இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும். குழாயின் கீழே பெரிய வாளியை வைத்தால் தண்ணீர் வேகமாக வருமா? வாளி நிறையத்தான் கூடிய நேரம் எடுக்கும்.

இந்தியாவில் நட்சத்திரத் தரக்குறியீடு பெறும் அறை ஏசிகள் 2020 ஜனவரி முதல் 24 பாகையைத் தொடக்க அளவாகக் கொண்டே வர வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். ஒரு பாகை கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்பது அங்குள்ள எரிசக்தித் துறையின் கணக்கு. யப்பானில் 2005 முதல் கோடை காலத்தில் அலுவலகங்களை 28 பாகையில் வைக்கும்படி அரசே கேட்டுக்கொள்கிறது. வசதி படைத்த நாடே அப்படியென்றால் நாம் எம்மாத்திரம்?

எங்கள் வீட்டில் மூன்று மாற்றங்கள் செய்தோம். ஏசியை 26 பாகையில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டோம். காற்றுப் பட்டு வியர்வை உலரும்போது அந்த 26 போதுமாக இருந்தது. இரவு பத்து மணிக்கு ஏசியைப் போட்டு, இரண்டு மணிக்குத் தானாக நிற்கும்படி டைமர் வைத்தோம். அறை அதற்குள் குளிர்ந்துவிடும், வெளியேயும் வெக்கை தணிந்துவிடும். சுபஹுக்கு எழும்பும் வரை மின்விசிறியே போதும். கதவின் கீழிருந்த இடைவெளியைப் பழைய துணியால் அடைத்தோம். இதற்கெல்லாம் ஒரு சதமும் செலவில்லை. டைமர் பொத்தான் முதல் நாளிலிருந்தே ரிமோட்டில் இருந்தது. நான்தான் அதை அழுத்திப் பார்க்கவில்லை.

அடுத்த மாதப் பட்டியல் 160 அலகுக்குள் நின்றது. எமது நாட்டில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 60, 90, 120, 180 என ஒவ்வொரு படியைத் தாண்டும்போதும் அலகின் விலை கூடும், நிலையான கட்டணமும் கூடும். ஆகவே 180இன் இப்பக்கம் நிற்பதும் அப்பக்கம் போவதும் ஒன்றல்ல. உம்மம்மா இப்போதும் அந்த அறையில்தான் உறங்குகிறார். இரண்டாவது போர்வை அலுமாரிக்குள் இருக்கிறது.

"காசு உள்ளவர்கள் போடுகிறார்கள், உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். 2022 மார்ச் 31ஆம் திகதி நாடு 13 மணித்தியால மின்வெட்டைச் சந்தித்தது. அந்த நாட்களில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பாடம் எழுதியதை எம்மில் யாரும் மறக்கவில்லை. எரிபொருள் வாங்க நாட்டிடம் பணமில்லாமல் போனதே அதற்குப் பெருங்காரணம். இன்றும் இரவில் எல்லா வீடுகளும் ஒன்றாக மின்சாரம் கேட்கும்போது, இறக்குமதி செய்த நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்க வேண்டியிருக்கிறது. பட்டியலைக் கட்ட ஒருவரிடம் காசிருக்கலாம், அந்த எரிபொருளை நாடு முழுவதும் சேர்ந்தே வாங்குகிறது. வீண்விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்தே படித்த நாம், தண்ணீருக்குக் காட்டும் கவனத்தை மின்சாரத்துக்கும் காட்ட வேண்டாமா?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்காதீர்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள். எத்தனை அலகு, எவ்வளவு காசு என்று தெரிந்தால் நாங்களும் பொறுப்பாக நடப்போம்.

தோழியரே, அநேக வீடுகளில் ரிமோட் இருப்பது எங்கள் கையில், பட்டியல் வருவது வாப்பாவின் கைக்கு. இன்றிரவு படுக்கப்போகும் முன் அந்த எண்ணை 26க்கு உயர்த்தி, டைமரையும் வைத்துவிட்டு உறங்குங்கள். அடுத்த பட்டியல் வரும்போது வாப்பாவின் பக்கத்தில் அமர்ந்து நீங்களே அதை வாசியுங்கள்.