பதில் பெறாத ஸலாம்



சென்ற மாதம் கோலாலம்பூரில் எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள சிறிய நூடுல்ஸ் கடை ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். இயந்திரமின்றி, மாவைக் கையாலேயே இழுத்து நூடுல்ஸ் ஆக்கும் கடை அது. வாசலில் நின்ற கடைக்காரர், வெள்ளைத் தொப்பி அணிந்த சீன முதியவர், எங்களைக் கண்டதும் முகமலர்ந்து ஸலாம் உரைத்தார். எங்கள் சாச்சா அவரை ஏற இறங்கப் பார்த்தார்; பதில் கூறவில்லை. சுவரில் சான்றிதழ் ஏதும் உண்டா என்று தேடினார். இல்லை. "சீனன் கடை. தொப்பியை யார் வேண்டுமானாலும் போடலாம்" என்று தமிழில் சொல்லிவிட்டு எங்களையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். முதியவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் புரியாமல் போயிருக்காது. நான் முணுமுணுத்த பதில் ஸலாம் அவர் காதில் விழுந்திருக்க வாய்ப்பில்லை.

இதற்கு நம் வீடுகளில் "பேணுதல்" என்று பெயர். இது பேணுதல் அன்று என்பதே என் வாதம்.

ஸலாமுக்குப் பதில் கூறுவது கடமை. அதில் எவருக்கும் ஐயமில்லை. அந்த இறைச்சி ஹலாலா என்பதோ கேட்டறிய வேண்டிய ஒன்று. கேட்க வேண்டியதைக் கேளாமலும், செய்தே தீர வேண்டியதைச் செய்யாமலும் வெளியேறிவிட்டு, மார்க்கத்தைக் காப்பாற்றியதாக நாம் நிம்மதி அடைந்தோம்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரியில் உள்ளது. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அறுக்கும்போது அல்லாஹ்வின் பெயர் கூறினார்களா என்பது தெரியவில்லையே என்று சிலர் கேட்டனர். நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்பதே நபி (ஸல்) அவர்கள் தந்த விடையின் கருத்து. நேற்று இஸ்லாத்துக்கு வந்தவர்கள் மீதே இத்தகைய நல்லெண்ணம் என்றால், பல நூற்றாண்டுகளாகத் தொழுதுவரும் ஒரு சமூகத்தின் மீது நமக்கு ஏன் இந்த ஐயம்?

ஆம், பல நூற்றாண்டுகள். வடமேற்குச் சீனாவின் கான்சு மாகாணத்தில், மஞ்சள் ஆற்றங்கரையில் உள்ளது லான்ஜோ நகரம். அங்கே மாட்டிறைச்சிச் சாற்றில் இட்ட நூடுல்ஸைக் காலை உணவாக உண்பார்கள். அதை இன்றைய வடிவில் பெயர்பெறச் செய்தவர் ஹுய் முஸ்லிமான மா பாவ்ஸி என்றும், ஆண்டு 1915 என்றும் கூறுவர். தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லி, மஞ்சள் நூடுல்ஸ் என ஐந்து நிறங்கள் இருந்தாக வேண்டும் என்பது அவ்வூர் வழக்கு. பிசைந்த மாவை இழுத்து, இரண்டாக மடித்து, மீண்டும் இழுப்பார்கள். எட்டு முறை மடித்தால் 256 இழைகள். நம்மவர் பரோட்டா மாவை வீசும் அழகைக் கண்டு வளர்ந்த எவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவர்.

நாம் எழுதிய அரபுத்தமிழைப் போலவே, சீன மொழியை அரபு எழுத்தில் எழுதியவர்கள் அம்மக்கள். அவர்களது பழைய பள்ளிவாசல்களின் கூரை சீனக் கோயிலின் கூரை போலிருக்கும். கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளியின் கல் தூண்களும் தமிழ்நாட்டுக் கோயில் மண்டபத்தை நினைவூட்டுவன அல்லவா? நம் தூண்களைக் கண்டு நம் ஈமானை ஒருவர் ஐயுற்றால் நாம் பொறுப்போமா?

லான்ஜோ என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையெல்லாம் முஸ்லிம் கடை ஆகிவிடாது. ஆகவே விசாரிக்கத்தான் வேண்டும். இறைச்சி எங்கிருந்து வருகிறது, சமையலில் மது சேர்க்கிறார்களா என்று கேட்பதில் தவறே இல்லை. ஆனால் எல்லோரிடமும் ஒரே அளவுகோலால் கேளுங்கள். "பன்றி இறைச்சி இல்லை" என்ற பலகை ஒன்று தொங்கினாலே போதுமென்று வணிக வளாகத்து உணவகத்தில் அமர்ந்துவிடுகிறோம். ஜப்பானியக் குழம்பில் மிரின் என்னும் அரிசி மது உண்டா என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மலேசியாவில் ஹலால் சான்றிதழ் பெறுவது கட்டாயமன்று; கடைக்காரர் தாமே விண்ணப்பித்துப் பெறுவது. நம்மவர் நடத்தும் நாசி கண்டார் கடைகள் பலவற்றிலும் அது இல்லை. அங்கே சாச்சா சுவரைப் பார்ப்பதில்லை. கடைக்காரரின் முகத்தைப் பார்க்கிறார், நம்பி அமர்கிறார். இங்கேயும் முகத்தைத்தான் பார்த்தார்.

ஹுஜுராத் அத்தியாயத்தில் ஐயத்தைத் தவிர்க்கச் சொல்லும் 12ஆம் வசனத்தை அடுத்தே, மனிதர் பல இனங்களாகப் படைக்கப்பட்டதைச் சொல்லும் 13ஆம் வசனம் வருகிறது. இரண்டையும் நாம் மேடைகளில் அழகாக ஓதுகிறோம்.

2019இல் பெய்ஜிங்கின் ஹலால் உணவகங்களில் அரபு எழுத்தில் இருந்த "ஹலால்" என்னும் சொல்லையும் பிறைச் சின்னத்தையும் அகற்றுமாறு அதிகாரிகள் கூறியதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அங்கே முஸ்லிம் என்று தெரியக்கூடாது என்கிறார்கள். முஸ்லிம்கள் நிறைந்த நாட்டுக்கு வந்து ஸலாம் சொன்னால், நீ முஸ்லிம் தானா என்று நாம் பார்க்கிறோம். அவர் வேறு எங்கே போவார்?

இரண்டு நாள் கழித்து நான் மட்டும் அக்கடைக்குச் சென்றேன். இம்முறை நான் முந்திக்கொண்டு ஸலாம் சொன்னேன். இறைச்சி பற்றிக் கேட்டேன். அவர் சிறிதும் முகம் சுளிக்காமல், தெரிந்த மலாயில் இறைச்சிக் கடையின் பெயரைச் சொன்னார். என் வீட்டுக்கு இறைச்சி வாங்கும் அதே கடை. எந்த அளவு நூடுல்ஸ் வேண்டும் என்று விரல்களால் காட்டிக் கேட்டார். அகலப் பட்டையைக் கேட்டு வாங்கி, பிஸ்மில்லாஹ் கூறி உண்டேன். முள்ளங்கி கரைந்துவிடாமல் வெந்திருந்தது.

சாச்சாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். "அந்த மனுஷர் ஸலாம் சொன்னாரா? நான் கவனிக்கலையே" என்றார். கவனித்தார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அவரை அங்கே அழைத்துச் செல்ல இருக்கிறேன்.