எனக்கென்று ஒரு தோசைக்கல்



"கோதுமைதானே ஆகாது? அப்ப கவலையே இல்ல, நாமதான் சோறு திங்கிற ஆளுகளாச்சே!" என் வியாதியைச் சொன்னதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பத்தாவது ஆள், "இதெல்லாம் இப்ப ஒரு ஃபேஷன்" என்று சிரிப்பார். ஒவ்வொருவருக்கும் வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. வயது 37. கணவர் விருதுநகரில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதுகிறார். ஒன்பதாவது படிக்கும் மகள், நாலாவது படிக்கும் மகன், மாமியார் என்று ஐந்து பேர் உள்ள வீடு.

மகன் பிறந்ததிலிருந்து ஆறு வருஷம் எனக்கு ரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். முடி கொட்டும். வாயில் புண் ஆறாது. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும், சில நாள் பேதியாகும், சில நாள் ஒன்றும் இருக்காது. போன இடத்திலெல்லாம் இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுத்தார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், சுவரொட்டி என்று யார் எதைச் சொன்னாலும் சாப்பிட்டேன். ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவே இல்லை. "பொம்பளைன்னா ரத்தம் கம்மியாத்தாம்மா இருக்கும்" என்று ஒரு டாக்டரே சொன்னார்.

ஆனால் என் வீட்டுக்காரருக்கு ஒரு தடவை 10 என்று வந்தபோது என்ன நடந்தது தெரியுமா? "ஆம்பளைக்கு எப்படிக் குறையும்? எங்கயோ ரத்தம் கசியுது" என்று அந்த வாரமே குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலம் என்று கண்டுபிடித்து ஒரு மாதத்தில் சரி செய்துவிட்டார்கள். அவருக்குப் பார்த்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவருடைய 10-க்கு இருந்த மரியாதை என்னுடைய 8-க்கு ஏன் இல்லை? நம் களைப்பை நாமும் சரி, வீட்டில் உள்ளவர்களும் சரி, வைத்தியம் பார்ப்பவர்களும் சரி, பொம்பளைக்கு உள்ள இயற்கை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மூன்று வருஷத்துக்கு முன் மதுரையில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். பழைய சீட்டுகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தார். "ஆறு வருஷமா முழுங்கியும் ஏறலைன்னா, மாத்திரையில குறை இல்லம்மா. உள்ள போறது உடம்புல ஒட்டல" என்றார். ஒரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் கடுகளவு சதை எடுத்துச் சோதித்தார்கள். சீலியாக் நோய் என்று வந்தது.

அவர் எனக்கு விளக்கிய மாதிரியே சொல்கிறேன். சப்பாத்தி மாவு இழுத்தால் இழுபடுகிறதே, பரோட்டாவை வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்தப் பசைக்குக் காரணமான புரதம்தான் குளூட்டன். கோதுமையிலும் பார்லியிலும், வெளிநாட்டில் விளையும் ரை என்ற தானியத்திலும் இது இருக்கிறது. என் போன்றவர்கள் உடம்பு இதை எதிரி என்று நினைத்துக்கொண்டு தன் குடலையே அடித்துக்கொள்ளும். டர்க்கி டவலில் நூல் நூலாக நிற்குமே, சிறுகுடலின் உட்பக்கம் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். எனக்கு அது துவைத்துத் துவைத்துத் தேய்ந்த பழைய வேட்டி மாதிரி ஆகிவிட்டது. இரும்புச்சத்தை உறிஞ்சுவது சிறுகுடலின் ஆரம்பப் பகுதிதான். அங்கேதான் அடி. அப்புறம் சுவரொட்டி தின்று என்ன பயன்?

இது பரம்பரைத் தன்மையால் வருவது. தொற்றாது. முழுசாகக் குணப்படுத்த மருந்து கிடையாது, ஆனால் கோதுமையை ஆயுசுக்கும் விட்டுவிட்டால் குடல் ஆறிவிடும். எனக்கு ஆறியது. பத்து மாதத்தில் ஹீமோகுளோபின் 11.8. அதே இரும்பு மாத்திரைதான், இப்போது ஒட்டியது.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தவர் வில்லம் டிக்கே என்ற நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர். 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 1944-45 குளிர்காலத்தில் உலகப் போரால் அங்கே பெரும் பஞ்சம். ரொட்டியே கிடைக்காத அந்தச் சமயத்தில் இந்த நோய் உள்ள குழந்தைகள் மோசமாகாமல் இருந்ததும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்ததும் அவர் சந்தேகத்தை உறுதியாக்கியது. முதலில் சந்தேகத்தைக் கிளப்பியதே, ரொட்டியை நிறுத்தினால் என் பிள்ளை தேறுகிறது என்று ஒரு தாய் சொன்ன வார்த்தைதான் என்கிறார்கள். ஒரு தாய் சொன்னதை ஒரு டாக்டர் காதில் போட்டுக்கொண்டார் என்பது எனக்கு அந்தக் கண்டுபிடிப்பைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இப்போது "சோறு திங்கிற ஆளுக" விஷயத்துக்கு வருகிறேன். அது பாதி உண்மை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கே ஹரியானாவிலும் தெற்கே வேலூரிலும் ஆயிரக்கணக்கான பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வடக்கே 100-க்கு ஒருவருக்கு மேல் இந்த நோயின் அறிகுறி ரத்தத்தில் இருந்தது. தெற்கே 1000-க்கு ஒருவர்தான். அவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை சராசரி 455 கிராம், நாம் 25 கிராம். ஆக நம் பக்கம் குறைவு என்பது சரி. குறைவு என்பதாலேயே இங்கே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை என்பதும் சரி.

ஆனால் 25 கிராம் என்பது சராசரிதானே? எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று பாருங்கள். அவருக்குச் சர்க்கரை வந்ததும் ராத்திரி எல்லோருக்கும் சப்பாத்தி. காலையில் அவசரத்துக்கு ரவை உப்புமா. சாயங்காலம் டீக்கு ரஸ்க். விசேஷம் என்றால் கேசரி, சேமியா பாயசம். ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. எங்கள் பக்கத்துப் பரோட்டாவைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை! ரவை, மைதா, சேமியா மூன்றுமே கோதுமைதான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சப்பாத்தி வேண்டாம் என்று சொன்னேன் என்பதற்காக, "அப்ப சேமியா கிளறட்டுமா?" என்று அன்பாகக் கேட்ட உறவினர்கள் எனக்கு இருக்கிறார்கள். திருநெல்வேலி அல்வாவும் கோதுமைப் பால்தான்.

மதுரையில் டயட்டீஷியன் அம்மா ஒரு பட்டியல் சொன்னார். பார்லி மால்ட் சேர்ந்த சத்து பானங்கள், கடையில் விற்கும் சத்து மாவு, ஃபிரைட் ரைஸில் ஊற்றும் சோயா சாஸ். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "பெருங்காய டப்பாவைப் பார்த்துட்டுப் போடுங்க" என்றாரே, அங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. பெருங்காயத்தை அப்படியே விற்பதில்லை. பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்த்துத்தான் செய்கிறார்கள். வீட்டுக்குப் போய் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது. மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். பாக்கெட் உணவில் கோதுமை இருந்தால் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எழுதவும் செய்கிறார்கள். சமையல் செய்கிறவள் கண்ணுக்குத் தெரிகிற அளவில், தமிழில் எழுதினால் என்ன? இங்கே விற்கத்தானே செய்கிறார்கள்?

மற்றபடி என்ன சாப்பிடலாம் என்பது நமக்குப் பெரிய கஷ்டமே இல்லை. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, கேழ்வரகுக் கூழ், கம்பு, சோளம், தினை, சாமை, குதிரைவாலி எல்லாவற்றிலும் குளூட்டன் கிடையாது. 'குளூட்டன் ஃப்ரீ' என்று விலை போட்டு விற்கும் ரொட்டியை நான் இதுவரை வாங்கியதில்லை.

கஷ்டம் எதில் என்றால், "எனக்குத் தனியா வேணும்" என்று சொல்வதில்தான். அதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

சப்பாத்தி சுட்ட கல்லிலேயே எனக்குத் தோசை ஊற்றக்கூடாது. மாவு சலித்த சல்லடையில் என் அரிசி மாவைச் சலிக்கக்கூடாது. பூரி பொரித்த எண்ணெயில் என் அப்பளத்தைப் பொரிக்கக்கூடாது. மில்லில் கோதுமை அரைத்த பிறகு என் கேழ்வரகைப் போடக்கூடாது. ஒரு துளிதானே என்று விட முடியாது, அந்தத் துளிக்கே குடல் புண்ணாகும். சரி, தனியாக ஒரு தோசைக்கல் வாங்கலாம் என்றால் வீட்டில் என்ன பேச்சு! "தொத்து வியாதியா?" என்று மாமியார் பயந்தார். நாத்தனார், "மதினிக்கு இப்ப தனிக்கல்லு, தனிக்கரண்டி, பெரிய எடத்துப் பொம்பள ஆயிட்டாக" என்றார். நம் ஊரில் ஒருத்திக்குத் தனிப் பாத்திரம் என்றால் ஒன்று அவளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், இல்லை அவள் திமிர் பிடித்தவள் என்று அர்த்தம். உடம்புக்காக என்று மூன்றாவது ஒரு அர்த்தம் இருப்பதை ஏற்க வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

நம் சாப்பாட்டு முறையை யோசித்துப் பாருங்கள். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் நமக்கு. பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்ட அரைச் சப்பாத்தி வீணாகக்கூடாது என்று நம் வாய்க்குள் போகும். அவருக்குப் பிடித்தது, அத்தைக்குப் பிடித்தது எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் முழிப்போம். அப்படி வளர்ந்த ஒருத்தியைப் பார்த்து இந்த வியாதி, "முதலில் உன் பங்கை எடுத்துத் தனியே மூடி வை" என்கிறது. மாத்திரை என்றால் யாருக்கும் தெரியாமல் முழுங்கிவிடலாம். இது மூன்று வேளையும் எல்லோர் முன்னாலும் செய்கிற வைத்தியம்.

கல்யாண வீடுகளில் இன்னும் கொடுமை. இலையில் கேசரி வைத்துவிட்டு, "இம்புட்டுக்காணு தின்னா ஒண்ணும் ஆகாது, கை நனைச்சிட்டு வேண்டாங்கக் கூடாது" என்பார்கள். சாம்பார், ரசம் எல்லாவற்றிலும் பெருங்காயம். நான் வெறும் சோறும் தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வருவேன். சர்க்கரைக்காரர் இனிப்பு வேண்டாம் என்றால் "பாவம்" என்கிறார்கள். நான் வேண்டாம் என்றால் மட்டும் அவமரியாதை ஆகிவிடுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் கோதுமையே சமைப்பதில்லை. "சர்க்கரைக்குச் சப்பாத்திதான் மருந்துன்னு இல்ல, அளவுதான் முக்கியம்" என்று டயட்டீஷியன் சொன்னதும் அவர் ராத்திரிக்கு அளவாகக் குதிரைவாலிச் சோறும் நிறையக் காய்கறியும் என்று மாறிக்கொண்டார். பரோட்டாவை மட்டும் வெளியில் சாப்பிட்டுவிட்டு வருகிறார். அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை!

என்னைவிட என் மகளுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் பெற்ற பிள்ளைகளுக்கும் கூடப்பிறந்தவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். மகனுக்கு இல்லை. சில வருஷம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு இருந்தது. வகுப்பிலேயே குள்ளம் அவள். "அப்பா வழி" என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கோதுமையை நிறுத்தியதிலிருந்து போன வருஷ யூனிஃபார்ம் பேண்ட் இந்த வருஷம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது.

மாமியார் மனசு கெட்டவர் இல்லை. பேத்தி மேல் உயிர். அவர்தான் சொல்கிறார், "பொம்பளப் பிள்ள, வெளிய சொல்லாத. நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக் குடுக்கணும்." சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். நான் கேட்கிறேன், சொல்லாமல் கட்டிக் கொடுத்தால் என்ன நடக்கும்? மறுவீட்டில் முதல் நாளே கேசரி வைப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். அடுத்த நாள் பூரி. புதுசாகப் போன பெண் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பிறகு ரத்தசோகை, கர்ப்பம் தங்குவதில் சிக்கல், எலும்பு பலவீனம் என்று ஒவ்வொன்றாக வரலாம். இந்த வியாதிக்கு இருக்கிற ஒரே மருந்து வாயைத் திறந்து "எனக்கு ஆகாது" என்று சொல்வது. அதை மறைத்து அனுப்புவது, மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு அனுப்புவதற்குச் சமம். தோசைக்கல்லோடு சேர்த்து ஏற்றுக்கொள்கிற வீடு வந்தால் போதும். வராவிட்டால் அவள் படிக்கட்டும், வேலைக்குப் போகட்டும்.

சகோதரிகளே, இதைப் படித்துவிட்டு உங்களுக்கும் இப்படி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் ரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு ஏறாத ரத்தசோகைக்கு இது ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை, வேறு பல காரணங்கள் உண்டு. ஏன் ஏறவில்லை என்று டாக்டரைக் கேளுங்கள், அவர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. கோதுமை, மைதா சேர்க்காமல் அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயம் இருக்கிறதாம். எங்கள் ஊர்க் கடைகளில் கேட்டால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் பெருங்காயம் போடாத ரசம்தான். தனிக்கல்லை மன்னித்துவிட்ட மாமியார், அந்த ரசத்தை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.