பிரிக்க வேண்டாம், தடுத்தால் போதும்



தோப்புக் காவலுக்கென்று கூஸ் வாத்து வாங்கி விட்டவர்களின் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. கூட்டத்திலிருந்து பிரித்துத் தனிக் கூண்டில் விடலாமா?"

கோழி வளர்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அவயக் கோழியை ஒரு மூலையில் கூடைக்குள் வைத்துவிட்டால் 21 நாளில் குஞ்சோடு வெளியே வரும். சேவல் எட்டிக்கூடப் பார்க்காது. கூஸ் வாத்தின் குடும்பம் அப்படியல்ல. ஆண் வாத்து முட்டைமேல் உட்காராது. ஆனால் கூட்டுக்குப் பக்கத்திலேயே நின்று காவல் காக்கும். குஞ்சு வந்த பிறகு பெட்டையோடு சேர்ந்து அதுவும் வளர்க்கும். பெட்டையை மட்டும் கொண்டுபோய் அடைத்தால், குஞ்சுகளுக்குக் கிடைக்க வேண்டிய காவலை நாமே பறித்தவர்கள் ஆவோம். நெடுநாள் கண்ணில் படாமல் இருந்துவிட்டுத் திரும்பும் தாயைக் கூட்டம் சில சமயம் புதுவரவாகப் பார்த்துக் கொத்தவும் செய்யும். ஆகவே இடம் மாற்றாதீர்கள். அது தேர்ந்தெடுத்த மூலையிலேயே வைக்கோல் போட்டு, மேலே நிழலுக்கு ஒரு கீற்று கட்டுங்கள். அதுவே போதும்.

கூட்டத்துக்குள் விட்டால் தொல்லையே இராதா என்றால், இருக்கும். முதல் தொல்லை முட்டையில். ஒன்று அடை கிடக்கும் கூட்டிலேயே மற்ற பெட்டைகளும் வந்து முட்டையிட்டுப் போகும். பத்து நாள் சூடு ஏறிய முட்டையோடு நேற்று இட்ட முட்டையும் கலந்துவிட்டால், முந்தியவை பொரித்ததும் தாய் எழுந்துவிடும், பிந்தியவை வீணாகும். அதனால் அடை தொடங்கும் அன்றே எல்லா முட்டையிலும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு பெட்டை எட்டு முதல் பத்து முட்டை வரை நன்றாக மூடிக்கொள்ளும். பிறகு தினமும் பார்த்து, கோடில்லாத முட்டையை எடுத்துவிடுங்கள்.

எப்போது பார்ப்பது? அதற்கும் வாத்தே நேரம் ஒதுக்கித் தருகிறது. பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை எழும். எழுந்த உடனே ஓடிவிடாது. தன் மார்பிலிருந்து பிடுங்கிய பஞ்சுத் தூவியையும் வைக்கோலையும் அலகால் இழுத்து முட்டைகளை மூடும். மூடிய பிறகே தண்ணீருக்கு விரையும். குடித்து, தலையை முக்கி, முதுகில் நீரை வாரி இறைத்து, நாலு வாய் தின்றுவிட்டு ஈரச் சிறகோடு திரும்பிவிடும். அந்தக் கால் மணி நேரம்தான் நமக்கு உரியது. மற்ற நேரத்தில் கூட்டுக்குள் கைவிட்டால் இறக்கையால் அடி விழும். அந்த அடி லேசானதல்ல. முங்கும் அளவுக்குத் தண்ணீர் வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். முட்டைக்கு வேண்டிய ஈரப்பதத்தில் ஒரு பங்கு அந்த ஈரச் சிறகிலிருந்து வருகிறது.

பத்தாம் நாள் இருட்டியதும் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், உயிருள்ள முட்டைக்குள் சிவப்பு நரம்புகள் வலைபோல ஓடியிருக்கும். ஒன்றும் தெரியாமல் வெளிறிக் கிடப்பது கூமுட்டை. அது அழுகி வெடிப்பதற்குள் அப்புறப்படுத்துங்கள். 28 முதல் 31 நாளுக்குள் குஞ்சு பொரியும். ஓட்டில் துளை விழுந்த பிறகு முழுதாக வெளியே வர ஒரு நாளுக்கு மேல்கூட ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். வயிற்றுக்குள் மஞ்சள் கரு இருப்பதால் முதல் நாள் தீனி இல்லாமலே குஞ்சு தாங்கும்.

இரண்டாவது தொல்லை குஞ்சு வந்த பிறகு. அப்போதுதான் தடுப்பு தேவைப்படுகிறது. தாய், தந்தை, குஞ்சுகள் மூன்றும் உள்ளே, கூட்டம் வெளியே, நடுவில் கம்பி வலை. பார்க்கலாம், குரல் கொடுக்கலாம், மிதிக்க முடியாது. மற்ற பெட்டைகள் பெரும்பாலும் குஞ்சுகளைக் கொல்ல வருவதில்லை, சொந்தம் கொண்டாடத்தான் வருகின்றன. அந்த இழுபறியில்தான் குஞ்சு நசுங்குகிறது. ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சுகள் தடுமாறாமல் தாய் பின்னே ஓடத் தொடங்கியதும் வலையை எடுத்துவிடலாம். ஆனால் நெருக்கமான கொட்டகைக்குள் திறக்காதீர்கள். ஒதுங்க இடமுள்ள வெட்டவெளியில் திறந்துவிடுங்கள்.

அப்போது ஒரு காட்சியைக் கவனியுங்கள். அருகே வந்த நாயையோ வேறொரு வாத்தையோ விரட்டிவிட்டு ஆண் வாத்து தன் குடும்பத்திடம் ஓடி வரும். கழுத்தைத் தரையோடு நீட்டி உரக்கக் கத்தும். பெட்டையும் கழுத்தை நீட்டிச் சேர்ந்து கத்தும். பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளும் அதே மாதிரி கழுத்தை நீட்டிக் கீச்சிடும். 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கான்ராட் லோரன்ஸ், சாம்பல் வாத்துகளிடம் இதைக் கண்டு, வெற்றிச் சடங்கு என்ற பெயரில் எழுதியிருக்கிறார். ஒரு குடும்பத்தைக் கட்டி வைத்திருப்பது இந்தச் சடங்குதான். தனிக் கூண்டில் வளரும் குஞ்சுக்கு இதில் சேர்ந்து கத்தக் குடும்பம் இல்லை.

நம் பங்குக்கு நாலு வேலை. குஞ்சுகளுக்கான தண்ணீரை ஆழமில்லாத தட்டில், உள்ளே கூழாங்கல் போட்டு வையுங்கள். செங்குத்தான தொட்டியில் இறங்கிய குஞ்சு ஏற முடியாமல் மூழ்கிவிடும். காக்கை, பருந்து, கீரி மூன்றுக்கும் சேர்த்து மேலேயும் வலை போடுங்கள். வெறும் குருணையில் நிறுத்திவிடாதீர்கள். கோழிக்குஞ்சைவிட இதற்கு நியாசின் சத்து அதிகம் வேண்டும், குறைந்தால் கால் வளையும். முதல் வாரத்திலிருந்தே இளம்புல் மேய விடுங்கள். இரவில் மேடான, ஈரமில்லாத இடம் கொடுங்கள்.

இரண்டு மூன்று ஆண் வாத்துகள் உள்ள கூட்டத்தில் குஞ்சு இறக்கிய வாசகர்கள், தடுப்பை எப்போது எடுத்தீர்கள், சண்டையை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். படமும் இருந்தால் அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்