வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: எதில் செலவிடவேண்டும், எதில் பொறுத்திருக்கலாம்?



பள்ளிக்கூடம் திறக்கும் நாட்கள் நெருங்கும்போதெல்லாம், திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் நம்முடைய குடும்பங்களிலிருந்து ஒரே கேள்வி என்னிடத்தில் வருகிறது. "பாஸ்டர் ஐயா, பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கவேண்டும். கையில் இவ்வளவுதான் இருக்கிறது. என்ன வாங்கலாம்?" நான் வேதாகமக் கல்லூரியில் பயின்றவனேயன்றிப் பொறியாளன் அல்ல. ஆயினும் சபைக் குடும்பங்களோடு கடை கடையாக நடந்து, தெரிந்தவர்களிடத்தில் விசாரித்து, சிலருடைய நஷ்டத்தையும் கண்டு, சில காரியங்களைக் கற்றுக்கொண்டேன். அவற்றை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்கிப் பிழைக்கும் ஒரு சகோதரர், 2023-ஆம் ஆண்டில் தம் மகளுக்காக 18,000 ரூபாய் சேர்த்து ஓர் அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் வாங்கினார். "ஐ5 மெஷின்" என்று கடைக்காரர் சொன்னார். கண்ணாடிக் கதவும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினெட் அது. வீட்டார் யாவரும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு வருஷம் சென்றபின் மகளின் பாடங்களுக்கு அதன் வேகம் போதவில்லை. திறந்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. உள்ளே இருந்தது 2012-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஐ5. அதற்குரிய டி.டி.ஆர்.3 ரேமும், புதிய பெட்டியில் போடப்பட்ட பழைய வகை மதர்போர்டுமே அதில் இருந்தன. அதில் இனிமேல் வளர்ச்சிக்கு இடமே இல்லை. அந்த வருஷத்துத் துலாவர்ஷ இடியில் எஸ்.எம்.பி.எஸ். எரிந்து, மதர்போர்டையும் தன்னோடு கொண்டுபோயிற்று. மூன்று வருஷச் சேமிப்பு ஒரே மாலையில் போயிற்று.

கெல்ட்ரான் நிறுவனம் 1973-இல் தோன்றியதும், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகிய டெக்னோபார்க் 1990-இல் அமைந்ததும் இந்தப் பட்டணத்தில்தான். அதன் அருகிலேயே வாழ்ந்தும், பொருளின் பெயரை மாத்திரம் கேட்டு ஏமாறுகிறவர்கள் அநேகர். "ஐ5" என்பது ஒரு குடும்பப் பெயர் மாத்திரமே. எந்தத் தலைமுறை என்று கேட்காமல் ஒருபோதும் பணத்தை எண்ணிக் கொடுக்காதிருங்கள்.

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்ற உவமையை நாம் அறிவோம். கம்ப்யூட்டர் காரியத்தில் ஒரு ஆறுதல் உண்டு: கோபுரம் முழுவதையும் ஒரே நாளில் கட்டவேண்டியதில்லை. ஆனால் அஸ்திபாரத்தை மாத்திரம் முதல்நாளிலேயே சரியாகப் போடவேண்டும். மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.-உமே அந்த அஸ்திபாரம். ரேம், சேமிப்பு, கிராபிக்ஸ் கார்டு ஆகியவை பிற்பாடு சேர்க்கக்கூடியவை. அநேகர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதலாவது, பிராசஸரும் மதர்போர்டும். இவ்விரண்டையும் இணைக்கும் சாக்கெட் எது என்பதே முதல் கேள்வி. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசஸர்கள் 2017 முதல் ஏ.எம்.4 என்ற சாக்கெட்டில் வந்தன. 2022-இல் ஏ.எம்.5 வந்தது. இதை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெல்லில் 12, 13, 14-ஆம் தலைமுறைகள் எல்.ஜி.ஏ.1700 என்ற ஒரே சாக்கெட்டைப் பயன்படுத்தின. 2024 அக்டோபரில் வந்த புதிய பிராசஸர்களுக்கு வேறு சாக்கெட் வந்துவிட்டது.

இதில் குறைந்த வருமானமுள்ள குடும்பம் எதைத் தெரிந்துகொள்வது? ஏ.எம்.4-இல் இனிப் புதிய தலைமுறை வருமென்று எதிர்பார்க்க இடமில்லை. ஆனாலும் ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600ஜி-யைப் போட்டுத் தொடங்குகிறவர், பின்னாளில் அதே மதர்போர்டில் எட்டு கோர் பிராசஸர் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பழையதைக் கழற்றுவதற்கு முன் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிடவேண்டும், அவ்வளவே. வீட்டில் பழைய டி.டி.ஆர்.4 ரேம் கிடந்தால் அதுவும் இதில் பயன்படும். கையில் சற்று அதிகப் பணமும், ஏழெட்டு வருஷம் ஓட்டவேண்டுமென்ற எண்ணமும் உள்ளவர்களுக்கு ஏ.எம்.5 ஏற்றது, ஆனால் அது டி.டி.ஆர்.5 ரேமை மாத்திரமே ஏற்கும்.

பிராசஸரின் பெயரில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல்லில் "எஃப்" என்று முடிந்தால், உதாரணமாக ஐ3-12100எஃப், அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மானிட்டரில் ஒன்றும் தெரியாது. "எஃப்" இல்லாத ஐ3-12100-இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ரைசனிலும் அப்படியே: 5600ஜி-யில் உண்டு, "ஜி" இல்லாத 5600-இல் இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் என்று வாங்கி, பிறகு கார்டுக்காகக் கடன்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டாவது, எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமாகக் கொடுக்கப்படுவதை நம்பவேண்டாம். பெட்டியின்மேல் பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும். அதன் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் என்ற வரியைத் தேடி, அதற்கெதிரே உள்ள ஆம்பியர் எண்ணை 12-ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் கிடைப்பது 168 வாட் மாத்திரமே. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான். 5600ஜி-யின் வரையறை 65 வாட். ஆகவே தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அதிகம் தேவையில்லை. ஆயினும் பின்னாளில் கார்டு ஒன்று சேர்க்க எண்ணமிருந்தால், 80 ப்ளஸ் முத்திரையுள்ள, உண்மையான 450 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இப்போதே வாங்குவது ஞானம். கிராபிக்ஸ் கார்டுக்குரிய தனி ஒயர் அதில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, ரேம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து உலகமெங்கும் ரேமின் விலை மிகவும் ஏறிற்று. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாங்கிக் குவித்ததே அதற்கு முக்கிய காரணம். ஆகையால் முதல்நாளிலேயே அதிகம் வாங்க முயலவேண்டாம். மலிவான மதர்போர்டுகளில் இரண்டு ஸ்லாட்டுகளே இருக்கும். 8 ஜி.பி. வேண்டுமானால் ஒரே 8 ஜி.பி. ரேமாக வாங்கி, மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். இரண்டு 4 ஜி.பி. ரேம்களைப் போட்டுக் கொடுத்தால், பின்பு வளர்க்கும்போது இரண்டையும் கழற்றி எறியவேண்டிவரும். ஒரே ரேமில் கிராபிக்ஸின் வேகம் சற்றுக் குறையும் என்பது உண்மையே. அதே வேகமுள்ள இரண்டாவது ரேமைச் சேர்க்கும் நாளில் அந்தக் குறையும் நீங்கும். மொத்தம் 16 ஜி.பி.-யும் ஆகும்.

நான்காவது, சேமிப்பு. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை முதன்மையாக வைக்கவேண்டாம், சிறிய எஸ்.எஸ்.டி.-யே கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கும். மதர்போர்டில் நேராகச் செருகும் எம்.2 வகையில் இரண்டு விதங்கள் உண்டு. என்.வி.எம்.இ. வேகமானது, சாட்டா அதைவிட மெதுவானது. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலிருக்கும். ஆகவே பெயரைப் படித்து வாங்குங்கள். குடும்பப் படங்களும் வீடியோக்களும் பெருகும்போது ஒரு ஹார்டு டிஸ்க்கைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, இந்த ஊருக்குரிய ஒரு எச்சரிப்பு. ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கேரளத்தில் பிற்பகலுக்குமேல் இடியும் மின்னலும் கடுமையாயிருக்கும். 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று, சுமார் 360 வாட் வரை தாங்கும். மின்சாரம் போனால் வேலையைச் சேமித்து நிறுத்துவதற்குச் சில நிமிஷங்கள் கொடுக்கும். ஆனால் நேரான மின்னலுக்கு யு.பி.எஸ். பாதுகாப்பல்ல. இடி கேட்கத் தொடங்கும்போதே பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். இன்டர்நெட் ஒயரையும் கழற்றுங்கள். அதன் வழியாகவும் மின்னல் வருகிறது. வாடகை வீடுகளில் எர்த் இணைப்பு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுவது ஆபத்து.

ஆறாவது, மென்பொருள். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நான் முன்பு சொன்ன அந்தப் பழைய "ஐ5" அதற்குத் தகுதிபெறாது. சில கடைகளில் விலையில்லாமல் போட்டுக் கொடுக்கிற விண்டோஸ் பெரும்பாலும் திருட்டுப் பிரதி. நம்முடைய வீடுகளில் அது இருக்கத் தகாது. வைரஸும் அதன் வழியாகவே நுழைகிறது.

அதற்கு மாற்று வழி இதே பட்டணத்தில் இருக்கிறது. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் கேரள அரசு ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தை ஆரம்பித்தது. 2017-இல் அது கைட் என்ற நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக்கொண்டு கைட் தயாரித்த குனு லினக்ஸ் அமைப்பே அரசுப் பள்ளிகளின் கணினிக் கூடங்களில் ஓடுகிறது. இதைப் பொதுமக்களும் இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். இங்குள்ள பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு அது ஏற்கெனவே பழக்கமானதாயிருக்கும். தமிழில் தட்டச்சு செய்யவும் அதில் வசதி உண்டு. லைசென்ஸுக்குச் செலவிடும் பணம் ரேமுக்கு உதவும்.

கடைசியாக, பில். ஜி.எஸ்.டி. எண்ணோடும், ஒவ்வொரு பாகத்தின் மாடல் பெயரோடும் சீரியல் எண்ணோடும் பில் கேளுங்கள். "ஐ5, 8 ஜி.பி., ஒரு செட்" என்று மொத்தமாக எழுதப்பட்ட சீட்டைக் கொண்டு எந்தக் கம்பெனியிலும் வாரண்டி கேட்கமுடியாது. பெட்டிகளையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்தச் சகோதரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எரிந்துபோன கம்ப்யூட்டரில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், எஸ்.எஸ்.டி. ஆகியவை தப்பியிருந்தன. அந்தக் கேபினெட்டையும் வைத்துக்கொண்டோம். வட்டிக்கு வாங்கப்போன அவரைத் தடுத்து, நான்கு மாதம் பொறுக்கச் சொன்னேன். அவருக்கு அது வருத்தமாயிருந்தது; மகள் அந்த நாட்களில் தோழியின் வீட்டில் படித்தாள். 2025-இன் தொடக்கத்தில் ஏ.எம்.4 மதர்போர்டு, 5600ஜி, ஒரே 8 ஜி.பி. ரேம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஆகிய நான்கை மாத்திரம் வாங்கினோம். ஜூன் மாதத்தில் இரண்டாவது ரேமை அவரே தனியாகப் போய் வாங்கிவந்தார். சீரியல் எண் எழுதாமல் பில் கொடுக்கப்பட்டபோது, கவுண்டரிலேயே நின்று எழுதி வாங்கிக்கொண்டேன் என்று என்னிடத்தில் சொன்னார்.

ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் இவைகளை எழுதுங்கள்: சாக்கெட், தலைமுறை, ரேம் ஸ்லாட் எத்தனை, எம்.2 ஸ்லாட் எத்தனை, 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தாளில் உள்ள கேள்விகளுக்குப் பதில் சொல்லாத கடையானால், வணக்கம் சொல்லி அடுத்த கடைக்குப் போங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.