முதலில் சிறை, அப்புறம் தீர்ப்பு

அண்மையில் கள்ளக்குறிச்சியில் நடந்த ஒரு கூட்டத்தில் மூத்த வழக்கறிஞர் ஒருவர் பேசக் கேட்டேன். அரசியல்வாதிகளுக்கு நீதிமன்றம் சலுகை காட்டுகிறது என்பது வெறும் பொறாமைப் பேச்சு என்றார். தீர்ப்பு வந்த நாளே பதவி போகிறது, பெயர் போகிறது, அதுவே பாதித் தண்டனை. வயதானவரைச் சிறையில் தள்ளி யாருக்கு என்ன லாபம். தொகுதி மக்கள் பிரதிநிதி இல்லாமல் நிற்க வேண்டுமா. மேல்முறையீட்டுக் கதவு அமைச்சருக்கும் மலைவாசிக்கும் ஒன்றுபோலத்தானே திறந்திருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. அவர் சொன்னதில் ஒன்றுகூட நிற்காது.

அவர் எடுத்துக்காட்டியது திருக்கோவிலூர் சட்டமன்ற உறுப்பினராக இருந்த க. பொன்முடியின் வழக்கை. வருமானத்துக்கு அதிகமாகச் சொத்துச் சேர்த்த வழக்கில் விழுப்புரம் நீதிமன்றம் 2016இல் அவரை விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, 2023 டிசம்பர் 21 அன்று அவருக்கும் அவர் மனைவிக்கும் தலா மூன்று ஆண்டு சிறையும் ஐம்பது லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. அன்றைக்கே, மேல்முறையீடு செய்ய வசதியாக, தண்டனை முப்பது நாள் நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 மார்ச் 11 அன்று உச்ச நீதிமன்றம் தண்டனையை மட்டுமல்ல, அவர் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைத்தது. மார்ச் 22 அன்று மறுபடியும் உயர்கல்வி அமைச்சராகப் பதவியேற்றார். பதவி போவதே பாதித் தண்டனை என்றால், அந்தப் பாதி மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிட்டது.

அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பது மேல்முறையீட்டில் முடிவாக வேண்டிய விஷயம். அதில் நான் வாய் வைக்கவில்லை. இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகச் சொன்ன வழக்கில் மேல்முறையீடு முடியும்வரை ஒருவரைச் சிறையில் அடைக்காமல் இருப்பது நியாயம்தான். அந்த நியாயம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதே என் கேள்வி.

தொகுதி மக்கள் வாதத்தை முதலில் பார்ப்போம். தகுதியிழப்பு வந்தால் பிறகு சரிசெய்ய முடியாது என்பதுதான் குற்றத்தீர்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். ராகுல் காந்தி வழக்கிலும் 2023 ஆகஸ்டில் தொகுதி வாக்காளர்களின் உரிமை பேசப்பட்டது. சரி. கல்வராயன் மலையில் ஒரு வி.ஏ.ஓ. பட்டா மாற்றத்துக்கு ஆயிரம் ரூபாய் வாங்கும்போது லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் சிக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவலில் நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டினால் சஸ்பெண்ட். தண்டனை வந்தால் வேலை போகும். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது, குற்றத்தீர்ப்பை நிறுத்தி வையுங்கள் என்று அவரும் கேட்கலாம். ஆனால் கே.சி. சரீன் வழக்கில் 2001இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஊழல் வழக்கில் தண்டிக்கப்பட்ட அரசு ஊழியரை மேல் நீதிமன்றம் விடுவிக்கும்வரை ஊழல்வாதியாகவே கருத வேண்டும், மேல்முறையீட்டைக் காட்டி அவரை நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. சட்டம் அதே ஊழல் தடுப்புச் சட்டம். குற்றத்தீர்ப்பை நிறுத்தி வைக்கும் பிரிவும் அதே பிரிவு. அந்த வி.ஏ.ஓ.வின் வேலையும் திரும்பாது, அவர் கிராமமும் ஆளில்லாமல்தான் நிற்கும். சட்டமன்றத் தொகுதிக்காவது ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வழியிருக்கிறது. கீழே இருப்பவருக்கு ஒரு கண்டிப்பும் மேலே இருப்பவருக்கு ஒரு கருணையும் என்றால் அதற்குப் பெயர் சலுகைதான், வழக்கறிஞர் ஐயா.

செந்தில் பாலாஜி பதினைந்து மாதம் உள்ளே இருந்தாரே என்று இடையில் ஒரு குரல் எழுந்தது. இருந்தார். அதில் முதல் எட்டு மாதம் இலாகா இல்லாத அமைச்சராகவே இருந்தார். ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் மறுபடியும் அமைச்சரானார்.

வழக்கறிஞர் வயதைப் பற்றியும் பேசினார். பொன்முடி தம் எழுபத்து மூன்று வயதைக் காட்டிக் குறைந்த தண்டனை கேட்டதில் தவறில்லை. முதியவருக்கு இரங்குவது நல்ல பண்பு. ஆனால் திருச்சி மண்ணில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சுவாமி எண்பத்து மூன்று வயதில், பார்க்கின்சன் நோயோடு, 2020 அக்டோபரில் கைதானார். டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. உறிஞ்சுகுழல் வைத்த குவளைக்காக நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே செத்துப்போனார். அவர்மேல் போட்ட சட்டம் வேறு என்பீர்கள். தெரியும். அவர் வழக்கில் விசாரணையே தொடங்கவில்லை என்பதும் தெரியும்.

கடைசி வாதத்துக்கு வருகிறேன். என்னை எழுத வைத்ததே அதுதான். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறதாம். மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனை என்றால், தண்டித்த நீதிமன்றமே மேல்முறையீட்டுக்காக ஜாமீனில் விடலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 389ஆவது பிரிவு சொன்னது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: அவர் ஏற்கெனவே ஜாமீனில் இருந்திருக்க வேண்டும். ஜாமீனே கிடைக்காதவனுக்கு அந்த வழி இல்லை.

மலையில் ஜாமீன் என்றால் என்ன என்று வழக்கறிஞருக்குத் தெரியாதா? லாரி டியூபில் சாராயம் கொண்டு போனதாக ஒருவனைப் பிடித்து ரிமாண்ட் செய்கிறார்கள். சில வாரத்தில் ஜாமீன் உத்தரவும் வருகிறது: இரண்டு நபர் ஜாமீன். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் பிடித்து அவன் மனைவி கோர்ட்டுக்கு வருகிறாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், மடித்து மடித்துக் கிழியத் தொடங்கிய உத்தரவு நகல். ஜாமீன்தாரருக்குச் சொத்து இருக்கிறதா, வீட்டு வரி ரசீது எங்கே, வி.ஏ.ஓ. சான்று எங்கே என்று கேட்கிறார்கள். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. அப்பன் பாட்டன் உழுத நிலத்துக்கு இன்னும் பட்டா இல்லாத மலையாளிக் குடும்பங்கள் அங்கே எத்தனையோ. காட்டு நிலம் என்று சொல்லப்படும் மண்ணில் குடியிருப்பவன் எந்தச் சொத்தைக் காட்டி இன்னொருவனை ஜாமீனில் எடுப்பான்? உத்தரவு அவள் பையில் இருக்கிறது. புருஷன் ஜெயிலில் இருக்கிறான்.

இப்படிக் கிடப்பவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் இரண்டு வன அலுவலர்கள் கொல்லப்பட்ட வழக்கில் 287 பேரைத் திருப்பதி நீதிமன்றம் 2016இல் விடுதலை செய்தது. பலர் நம் வடமாவட்ட மலைகளிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தபோது அவர்கள் சிறையில் இரண்டு ஆண்டைக் கழித்திருந்தார்கள். அமைச்சருக்குத் தீர்ப்புக்குப் பிறகும் சிறை இல்லை. இவர்களுக்குத் தீர்ப்புக்கு முன்பே சிறை முடிந்துவிட்டது. தண்டனை விதிக்கப்பட்ட ஜெயலலிதா 21 நாளில் ஜாமீனில் வந்தார். அவருடைய மேல்முறையீட்டை மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவே போட்டது. அந்த வேகம் ஏன் இவர்களுக்கு இல்லை?

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தார்கள். அந்த மாதமே சட்டமன்றம் கூடி, உயிர்ப்பலி ஏற்படுத்தும் கள்ளச்சாராயக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று சட்டத்தைத் திருத்தியது. வேண்டியதுதான். அந்த விஷத்தை விற்றவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன். ஆனால் காய்ச்சுகிறவனுக்கும் சுமக்கிறவனுக்கும் தண்டனையைச் சில நாளில் ஏற்ற முடிகிறது; ஜாமீன் வழியை மட்டும் அந்த வேகத்தில் திறக்க முடிவதில்லை.

அமைச்சரையும் தீர்ப்புக்கு முன்பே சிறையில் தள்ளுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருக்குக் காட்டிய பொறுமையை பிளாஸ்டிக் பையோடு கோர்ட்டுக்கு வந்த அந்த மலைப்பெண்ணின் புருஷனுக்கும் காட்டுங்கள் என்கிறேன். ஜாமீன் உத்தரவு வந்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதைப் பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. ஒரு வாரத்துக்குள் வெளியே வராதவர்களின் விவரத்தைச் சிறை நிர்வாகம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கறிஞர் ஐயா, அடுத்த மேடை ஏறுமுன் கடலூர் மத்தியச் சிறையிலிருந்து வரும் அந்த விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் கல்வராயன் மலைக்காரர் ஒருவர் பெயர் இருந்தாலும், அவருக்காக ஒரு மனு எழுதுங்கள்.