ஆளில்லாத கடையும் அறுபட்ட ஒயரும்

கேள்வி: "என் மகன் ஜப்பானில் வேலை பார்க்கிறான். அங்கே விவசாயிகள் காய்கறியை ரோட்டோரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். வாங்குபவர்கள் உண்டியலில் காசு போட்டுவிட்டு எடுத்துப் போகிறார்களாம். இங்கே என் கிணற்று மோட்டார் ஒயரை இந்த வருஷம் இரண்டு முறை அறுத்துவிட்டார்கள். நம் ஜனங்களின் குணமே இப்படித்தானா, சார்?"
- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. என் அண்ணன் தோட்டத்திலும் ஒயர் போனது. புதிது வாங்கி மாட்ட ஒன்பது நாள் ஆனது. அதற்குள் மிளகாயில் பூவெல்லாம் கொட்டிவிட்டது. ஒயர் விலையைவிட அந்த நஷ்டம்தான் பெரிது.

உங்கள் மகன் சொன்னது உண்மைதான். 'முஜின் ஹன்பாய்' என்பார்கள். ஆளில்லா விற்பனை என்று பொருள். பல இடங்களில் ஒரு பை 100 யென். ஆனால், இதற்குக் குணம் மட்டுமே காரணமில்லை, ஏற்பாடும் இருக்கிறது. கிராமத்திலேயே காவலர் தங்கிப் பணிபுரியும் 'சூசாய்ஷோ' அங்கே உண்டு. ஊர் ஆட்களை அவருக்குத் தெரியும். கண்டெடுத்த பணத்தை ஒப்படைத்தால், உரியவர் 5 முதல் 20 சதவிகிதம் வரை வெகுமதி தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அங்கேயும் திருட்டு இல்லாமல் இல்லை. யாமகாத்தாவில் செர்ரி, யாமனாஷியில் பீச் பழங்கள் தோட்டத்திலேயே களவு போகின்றன. சூரிய மின் நிலையங்களில் செம்பு கேபிளை அறுக்கிறார்கள். நம்மூர் கதையேதான்! அதற்காக 2025 ஜூனில் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். பழைய செம்பு கேபிளை வாங்கும் வியாபாரி, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு செய்ய வேண்டும். விற்க வழி அடைபட்டால் திருடுவதில் லாபம் இல்லை.

நம் ஊர்களிலும் காவல்காரர் இருந்தார்; அறுவடையில் அவருக்குக் களத்திலேயே நெல் அளந்தோம். அந்த வழக்கம் போனது, பதிலுக்கு வேறு ஏற்பாடு செய்யவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* ஒயர் அறுபட்டிருந்தால் முனையைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

* எழுத்து மூலம் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது.

* ஒயர் வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஒயரில் பல இடங்களில் பெயின்ட் அடையாளம் வையுங்கள்.

* ஸ்டார்ட்டரிலிருந்து கிணறு வரை அலுமினிய கேபிள் போடலாம். விற்றால் விலை குறைவு என்பதால் திருடர்களுக்கு அதில் ஆசை குறைவு. செம்பைவிடத் தடிமன் கூடுதலாக வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் அளவு கேட்டுப் போடுங்கள்.

* நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து சுற்றுவட்டார காயலான் கடைகளுக்குப் போய், "எரித்த செம்புக் கம்பி வந்தால் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கூட்டமாகப் போனால் பேச்சுக்கு மரியாதை உண்டு.

"புகார் கொடுத்தால் மட்டும் ஒயர் வந்துவிடுமா?" என்று அண்ணன் பேசாமல் இருந்துவிட்டார். அடுத்த மாதமே பக்கத்துத் தோட்டத்தில் போனது. உங்கள் ஒயர் திரும்பி வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால், பத்துப் பேர் புகார் பதிவாகியிருந்தால் ராத்திரி ரோந்து கேட்க உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். இரண்டு களவுக்கும் சேர்த்து இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.